பச்சை அலமாரியில் இல்லாதவள்

அத்தியாயம் 4

"இல்லைங்க" என்றார் மூன்றாம் ஜன்னல்காரர்.

இந்த வாரத்தில் இது மூன்றாவது "இல்லைங்க". முதல் தடவை கேட்டபோது பம்பரம் பல்லைக் கடித்துக்கொண்டாள். இரண்டாம் தடவை கடித்ததில் தாடை வலித்தது. இப்போது கடிக்கக்கூடத் தெம்பில்லை. மாவட்டப் பதிவு அலுவலகத்தின் வரிசையில் காலையிலிருந்து நின்று முழங்கால் இரண்டும் விட்டுப்போயிருந்தன. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மின்விசிறிக்குக் கீழே சாவகாசமாக உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது.

பம்பரம் என்பது வீட்டில் வைத்த பெயர் இல்லை. ஓர் இடத்தில் நிற்கமாட்டாள் என்பதால் பாஸ் வைத்தது. பாஸ் என்றால் துப்பறிவாளர். ஓடிப்போன கணக்காளர், தானாகத் தீப்பிடித்துக்கொண்ட கிடங்கு, மாமியார் பீரோவிலிருந்து நடந்துபோன வளையல் என்று எத்தனையோ வழக்குகளைப் பிரித்து மேய்ந்தவர். அப்பேர்ப்பட்ட மனுஷன் ஒரு பிறப்புச் சான்றிதழுக்காக வரிசையில் நின்று, சுவர்ப் பலகையில் ஒட்டியிருந்த அறிவிப்புகளை ஒன்று விடாமல் படித்துக்கொண்டிருந்தார். எச்சில் துப்பக்கூடாது என்பதைக்கூட இரண்டு தடவை படித்தார். எல்லாம் நேரம் என்று பம்பரம் நொந்துகொண்டாள்.

ஆனால் சுவரோரம் பெஞ்சில் இருந்த தையற்காரியைப் பார்த்துவிட்டால் அந்த அலுப்பெல்லாம் வாயை மூடிக்கொள்ளும். அவளுடைய தம்பி ஓர் எலக்ட்ரீஷியன். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அக்கா தன்னுடையதில் ஒன்றைத் தருகிறேன் என்கிறாள். டாக்டர்கள் சோதித்துப் பார்த்துப் பொருந்துகிறது என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் ஆஸ்பத்திரியின் அனுமதிக் குழுவுக்கு அது போதவில்லை. இவள் கூடப்பிறந்தவள்தானா, காசுக்கு வந்தவளா என்று தெரிய வேண்டுமாம். இருவருடைய பிறப்புச் சான்றிதழும், பெற்றோருடையதும் வேண்டுமாம். குழு நாளைக் காலை கூடுகிறது. அதை விட்டால் இரண்டு மாதம் கழித்துத்தான். தம்பி அவ்வளவு நாள் தாங்கமாட்டான் என்று டாக்டர் அவளைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

தம்பியின் சான்றிதழ் கேட்ட அன்றே கிடைத்தது. அப்பா, அம்மா இருவருடையதும் நேற்றுக் கிடைத்தன. தையற்காரியின் பழைய சான்றிதழ் வீடு மாறியபோது தொலைந்திருந்தது, புது நகல் கேட்டால் அப்படி ஒரு ஆளே பதிவில் இல்லை என்கிறார்கள். யாரோ திருடிவிட்டார்கள் என்று நினைத்துத்தான் அவள் துப்பறிவாளரைத் தேடி வந்தாள்.

"ரத்தம் ஒத்துப்போகுது, காகிதம்தான் ஒத்துப்போக மாட்டேங்குது" என்றாள் பம்பரம் ஜன்னல்காரரிடம். "நீங்க சரியாத் தேடினீங்களா, இல்ல அலமாரியை எட்டிப் பார்த்துட்டு வந்துட்டீங்களா?"

ஜன்னல்காரருக்குச் சுருக்கென்றது. பிறந்தவர் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை உண்டு, அது பச்சை அலமாரியில்தான் இருக்கும், தான் நாலு வருஷமாக அந்த அலமாரியோடு குப்பை கொட்டுகிறவன், இருந்தால் கண்ணை மூடிக்கொண்டே எடுத்துவிடுவேன் என்று பொரிந்து தள்ளினார். அட்டை தொலைந்தது, திருடு போனது என்றெல்லாம் இந்த அலுவலகத்தில் யாரும் சொல்ல முடியாது என்றார். கோபத்தில் இன்னொன்றையும் சொல்லிவிட்டார்.

"போன மாசம்கூட இதே பேரைக் கேட்டு ஒருத்தர் வந்தார். அவருக்கும் இல்லைன்னுதான் சொன்னேன். இல்லைன்னு சொன்னா எல்லாரும் என்னைத் திட்டுவாங்க. அந்த ஒருத்தர்தான் ரொம்ப நன்றிங்கன்னு சொல்லிட்டுப் போனார்."

அறிவிப்புப் பலகையிலிருந்து துப்பறிவாளரின் தலை திரும்பியது. ஆள் எப்படி இருந்தார் என்று கேட்டார்.

மெலிந்த ஆள் என்றார் ஜன்னல்காரர். முழுக்கைச் சட்டை. வலது கைக்குப் பட்டன் போட்டிருந்தார், இடது கை போடாமல் தொளதொளவென்று தொங்கியது. மறந்துவிட்டீர்கள் என்று சொல்ல நினைப்பதற்குள் ஆள் போய்விட்டார். இதற்கு மேல் தனக்கு ஒன்றும் தெரியாது, பின்னால் இருபது பேர் நிற்கிறார்கள், நகருங்கள் என்றார்.

எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் டீயும் போடுவார்கள். மூவரும் அங்கே போய் உட்கார்ந்தார்கள். தையற்காரி டீயைத் தொடவில்லை. அவள் கை கழுவ எழுந்து போன நேரம் பார்த்துப் பம்பரம் கிசுகிசுத்தாள்.

"இவங்க சித்தப்பாதான் பாஸ். அப்பா வீட்டுல பங்கு கேட்டு இவங்களோட மல்லுக்கு நின்னவர். இவங்க பொறக்கவே இல்லைன்னு ஆயிட்டா அவருக்குத்தானே கொண்டாட்டம்?"

"எடுத்துட்டுப் போனவன் எதுக்கு வந்து அட்டை இருக்கான்னு கேட்கணும்?"

"சரி, எடுக்க வந்தான். கிடைக்கலை."

"கிடைக்காதவன் நன்றி சொல்வானா?" என்றார் துப்பறிவாளர். "இல்லைன்னு கேட்டு ஒருத்தன் சந்தோஷப்பட்டிருக்கான். அது யாருன்னு அப்புறம் பார்க்கலாம். முதல்ல அட்டை எங்கன்னு சொல்லு."

தெரிந்தால் நான் ஏன் இந்தக் கழுநீரைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று பம்பரம் மனசுக்குள் கேட்டுக்கொண்டாள். கடுப்பு தலைக்கேறியிருந்தது. கை சும்மா இருக்கமாட்டாமல் ஃபைலைப் பிரித்து, இருக்கிற நகல்களைக் கடைக்காரரின் கண்ணாடிப் பெட்டி மேல் சீட்டுக்கட்டு மாதிரிப் பரப்பினாள். தம்பியுடையது, அம்மாவுடையது, அப்பாவுடையது. அம்மாவின் நகலில் மேலே ஊதா மையில் "காலமானவர்" என்று முத்திரை. அப்பாவின் நகல் பளிச்சென்று இருந்தது.

"இவங்க அப்பாவும் தவறிட்டார்தானே? அம்மாவுக்கு முத்திரை குத்தியிருக்காங்க, அப்பாவை விட்டுட்டாங்க" என்றாள். "நல்லதாப் போச்சு பாஸ். இந்த ஆபீஸைப் பொறுத்தவரைக்கும் அப்பா இன்னும் உயிரோடதான் இருக்கார். அவரையே கூட்டிட்டு வந்து, இவ என் மகதான்னு சொல்ல வச்சிரலாம்."

துப்பறிவாளரின் கையிலிருந்த டம்ளர் வாய்க்குப் பாதி வழியில் நின்றுவிட்டது.

"இன்னொரு தடவை சொல்லு."

"எதை? கடிஜோக்கையா?"

அவர் இரண்டு நகல்களையும் எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். திரும்பி வந்த தையற்காரியிடம், அப்பா எப்போது இறந்தார் என்று கேட்டார். ஆறு வருஷம் ஆகிறது என்றாள். அதைப் பதிவு செய்ய இந்த அலுவலகத்துக்கு வந்தது யார் என்று கேட்டார். தம்பி அப்போது வேலையாக வெளியூரில் இருந்ததால் தானேதான் வந்து எழுதிக் கொடுத்ததாகவும், இறப்புச் சான்றிதழைப் பிழையில்லாமல் கொடுத்தார்கள் என்றும் சொன்னாள்.

டீக்குக் காசை வைத்துவிட்டுத் துப்பறிவாளர் கிட்டத்தட்ட ஓடினார். அவர் ஓடிப் பம்பரம் பார்த்ததே இல்லை. என்ன பாஸ், என்ன பாஸ் என்று கேட்டுக்கொண்டே பின்னால் ஓடினாள். மனுஷன் வாயைத் திறக்க வேண்டுமே.

மூன்றாம் ஜன்னலில் வரிசை இன்னும் நீண்டிருந்தது. பக்கத்தில் நாலாம் ஜன்னல், இறப்புப் பதிவுக்கு. அங்கே ஒரு ஈ காக்கை இல்லை. துப்பறிவாளர் நேரே அங்கே போய் மணியை அடித்தார். நாலாம் ஜன்னல்காரர் விடுப்பில் இருந்ததால் மூன்றாம் ஜன்னல்காரரே எழுந்து இந்தப் பக்கம் வரவேண்டியதாயிற்று. வரிசை மொத்தமும் இவர்களைத் திட்டித் தீர்த்தது.

"மறுபடியும் நீங்களா?" என்றார் அவர். அழாத குறை.

துப்பறிவாளர் பணிவாகத் தையற்காரியின் அப்பாவுடைய பெயரையும் இறந்த வருஷத்தையும் சொல்லி, அவருடைய இறப்பு அட்டையை மட்டும் கொண்டுவந்து காட்ட முடியுமா என்று கேட்டார். பெற்ற மகளே பக்கத்தில் நின்றதால் மறுக்க வழியில்லை. ஜன்னல்காரர் காலை இழுத்துக்கொண்டு உள்ளே போனார்.

"அந்தப் பலகையில எழுதியிருந்ததைப் படிச்சியா?" என்று துப்பறிவாளர் பம்பரத்தைக் கேட்டார். "இங்க ஒருத்தர் இறந்துட்டா, அவரோட பிறப்பு அட்டையைப் பச்சை அலமாரிலேருந்து எடுத்துடுவாங்க. சாம்பல் அலமாரில இருக்கிற இறப்பு அட்டைக்குப் பின்னாடி குத்தி வச்சிருவாங்க. அதுக்கப்புறம் அந்தப் பிறப்பு அட்டைக்கு நகல் கேட்டா, ஊதா முத்திரையோட வரும்."

"அப்பாவுக்கு முத்திரை இல்லை" என்றாள் பம்பரம் மெதுவாக. "அப்ப அவர் அட்டை இன்னும் பச்சை அலமாரிலதான் இருக்கு."

"இருக்கு. ஆனா அன்னிக்கு யாரோ ஒருத்தரோட அட்டையை எடுத்துக் குத்தித்தானே இருக்கணும்?"

ஜன்னல்காரர் சாம்பல் நிற அட்டையோடு வந்தார். முன்பக்கத்தைக் கண்ணாடியில் சாய்த்துக் காட்டினார். அப்பா பெயர், நாள், எல்லாம் சரி. பிறகு வழக்கப்படி பின்பக்கத்தைப் புரட்டியவர் அப்படியே நின்றுவிட்டார். காலையிலிருந்து "இல்லைங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்த வாய் திறந்தபடி இருந்தது.

இறந்த அப்பாவின் அட்டைக்குப் பின்னால் துருப்பிடித்த குண்டூசியில் மகளின் பிறப்பு அட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

நடந்ததைத் துப்பறிவாளர் நாலு வரியில் சொல்லி முடித்தார். இறப்பைப் பதிவு செய்ததும் அட்டை அறைக்கு ஒரு துண்டுச் சீட்டு போகும், பலகையில் அதுவும் எழுதியிருந்தது. இறந்தவர் பெயர், தகவல் கொடுத்தவர் பெயர் என்று அதில் இரண்டு பெயர்கள். அன்றைக்கு அட்டை அறையில் இருந்த யாரோ, கீழே இருந்த பெயரைப் பார்த்து அட்டையை உருவியிருக்கிறார். அப்பா போய்விட்டார் என்று சொல்ல வந்த மகளை அந்த நிமிஷத்திலேயே கணக்கில் கொன்றுவிட்டார்கள். அதன் பிறகு அவள் எத்தனை தடவை வந்து கேட்டாலும் யாரும் சாம்பல் அலமாரியைத் திறக்கப் போவதில்லை. உயிரோடு வந்து நிற்கிறவளுடைய அட்டையைச் செத்தவர்கள் நடுவில் யார் தேடுவார்கள்?

"அப்ப ஆறு வருஷமா நான் செத்துப் போயிருக்கேனா?" என்றாள் தையற்காரி. "செத்தவளுக்கு இவ்வளவு வேலையா?"

பம்பரத்துக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆனால் ஒரு வாரத்து எரிச்சல் சட்டென்று இறங்கி உடம்பு லேசான மாதிரி இருந்தது. அதுதான் கிடைத்துவிட்டதே, ஊசியைக் கழற்றி ஒரு நகல் போட்டுக் கொடுங்கள், நாங்கள் போய்க்கொண்டே இருக்கிறோம் என்றாள்.

ஜன்னல்காரர் அட்டையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். சாம்பல் அலமாரியிலிருந்து ஓர் அட்டையைப் பச்சைக்கு மாற்ற வேண்டுமானால் திருத்த விண்ணப்பம் வேண்டும் என்றார். கொடுங்கள், இப்போதே எழுதித் தருகிறேன் என்று தையற்காரி கையை நீட்டினாள்.

"நீங்க எழுத முடியாதுங்கம்மா" என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு. "இறந்தவங்க கையெழுத்து செல்லாது. நெருங்கின ரத்த உறவு யாராவது போடணும்."

பம்பரம் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டாள். உயிரை வாங்குகிறார்கள் என்று சும்மாவா சொல்கிறார்கள், இவர்கள் வாங்கியதோடு நில்லாமல் ரசீதும் கேட்கிறார்கள் என்றாள். கத்தினாள். மேலதிகாரியைக் கூப்பிடு என்றாள். மேலதிகாரி வந்து அதையே இன்னும் கொஞ்சம் சுத்தமான தமிழில் சொல்லிவிட்டுப் போனார்.

அம்மாவும் அப்பாவும் இல்லை. புருஷன் விட்டுவிட்டுப் போய் வருஷக்கணக்காகிறது, இருந்தாலும் அவன் ரத்த உறவில் சேரமாட்டான். ஒரே மகள், பள்ளிக்கூடப் பெண், அவள் கையெழுத்தும் செல்லாது. மிச்சம் இருப்பது தம்பி ஒருவன்தான். ஜன்னலை ஐந்து மணிக்குச் சாத்திவிடுவார்கள். மணி நாலைத் தாண்டியிருந்தது. விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு ஒரு ஆட்டோவில் மூவரும் நெருக்கியடித்து ஏறினார்கள். இரண்டு சிக்னலிலும் சிவப்பு விழுந்தது.

தம்பி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கன்னம் ஒட்டியிருந்தது. தையற்காரி மூச்சு வாங்க வாங்க நடந்ததைச் சொல்லி, விண்ணப்பத்தை அவன் மடியில் வைத்துப் பேனாவையும் திறந்து கொடுத்தாள். அவன் பேனாவை வாங்கவில்லை.

"இருக்கட்டும்கா. அடுத்த தடவை பார்த்துக்கலாம்."

பம்பரத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த தடவையா? இவன் என்ன பேசுகிறான் என்று பாஸைப் பார்த்தாள். பாஸ் அவனுடைய சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முழுக்கைச் சட்டை. வலது கைக்குப் பட்டன் போட்டிருந்தது. இடது கையில் ரத்தச் சுத்திகரிப்புக்கு ஊசி ஏற்றி ஏற்றி நரம்பு புடைத்து, அதன் மேல் பிளாஸ்திரி போட்டிருந்ததால் பட்டன் போட முடியாமல் தொளதொளவென்று தொங்கியது.

"போன மாசம் மூணாம் ஜன்னலுக்கு நீங்கதான் போனீங்க" என்றார் துப்பறிவாளர்.

அவன் மறுக்கவில்லை. சான்றிதழ் இல்லாமல் குழு அனுமதிக்காது என்று நர்ஸ் சொன்னதாகவும், அக்கா வந்து கேட்டால் கொடுக்காதீர்கள் என்று கெஞ்சுவதற்காகவே அங்கே போனதாகவும் சொன்னான். போன இடத்தில் பெயரைச் சொன்னதுமே அப்படி ஒரு ஆளே இல்லை என்று அவர்களாகவே சொன்னார்கள். தெய்வமாகப் பார்த்துச் செய்தது என்று நினைத்தானாம்.

தையற்காரி அவனை வெறித்துப் பார்த்தாள். ஒரு வாரமாக வரிசையில் நின்ற கால், தைக்காமல் கிடந்த துணி, தூங்காத கண், எல்லாம் சேர்ந்து அவள் முகத்தில் வந்து நின்றது. கட்டிலோரம் உட்கார்ந்து வாய்க்கு வந்தபடி திட்டினாள். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வேண்டாம் என்றால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டியதுதானே, திருட்டுத்தனமாக அலுவலகத்துக்குப் போவானேன், அவர்கள் செய்த தப்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்வானேன் என்று கேட்டாள். அவன் தலையைக் குனிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான்.

"கத்தி வச்சு அறுக்கப் போறாங்கக்கா, உன்னை" என்றான் கடைசியில். "அம்மா போயாச்சு, அப்பாவும் போயாச்சு. உனக்கு ஒண்ணு ஆயிட்டா நான் யார்கிட்ட போய் நிக்கறது?"

"நீ போயிட்டா நான் யார்கிட்டடா போய் நிக்கறது?"

பம்பரம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள். திரும்பிப் பார்த்தபோது தம்பி விண்ணப்பத்தை எழுதிக்கொண்டிருந்தான். வெகு நேரம் எழுதினான். பக்கத்தில் தையற்காரி இன்னும் திட்டிக்கொண்டிருந்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அவர்கள் திரும்பி வந்தபோது அலுவலகத்தில் பாதி விளக்கை அணைத்துவிட்டார்கள். வரிசை கலைந்திருந்தது. மூன்றாம் ஜன்னல்காரர் மட்டும் பையைத் தோளில் மாட்டியபடி, உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். மேஜையில் அந்த இரண்டு அட்டைகளும் இருந்தன. பம்பரம் விண்ணப்பத்தைத் தடுப்புக்கு அடியில் தள்ளினாள்.

அவர் ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் பார்த்தார். உறவு சரி. கையெழுத்து சரி. திருத்தம் கேட்கும் காரணம் என்ற கட்டத்தில் விரல் நின்றது. போச்சு, இதிலும் ஒரு கோணல் கண்டுபிடித்துவிட்டார் என்று பம்பரம் சண்டைக்குத் தயாரானாள். அவர் அதைச் சத்தமாகப் படித்தார்.

"என் அக்கா சாகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். தயவுசெய்து அவளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்."

காரணத்தை இப்படியெல்லாம் எழுதக்கூடாது, அதற்கென்று ஒரு வாசகம் இருக்கிறது என்று அவர் தொடங்கினார். பிறகு நிறுத்திக்கொண்டார். மறுபடி ஒரு தடவை வாய்க்குள் படித்துக்கொண்டார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகத் தையற்காரியைப் பார்த்தார்.

"இதுல எழுதியிருக்கறது உண்மைதானாங்கம்மா?"

"உண்மைதாங்க" என்றாள் அவள். "இன்னும் திட்டி முடிக்கலை. இதை வாங்கிட்டுப் போய்த்தான் மிச்சம்."

அவர் பையைக் கழற்றிக் கீழே வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நகத்தால் அந்தத் துருப்பிடித்த குண்டூசியைக் கழற்றத் தொடங்கினார்.